பாலத்துக்குப் பனி போட்ட கணக்கு

ஊர்க் கணக்குப் பேரேட்டில் இப்படி ஒரு வரி:
"பாலத்துக்குள் பனி போட்டதற்கு,
லவீனா பெக், ஒரு டாலர் இருபது சென்ட்."
ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தெட்டு, ஜனவரி.

எழுத்துப் பிழை என்றுதான் முதலில் நினைத்தேன்.
பனியை அள்ளி எறியத்தானே கூலி கொடுப்பார்கள்?
இந்த வெர்மான்ட் ஊரின் குமாஸ்தாவாக
இருபத்தாறு குளிர்காலம் நான் எழுதிவருவதும் அதைத்தான்:
டீசல், உப்பு, மணல், மறுபடியும் உப்பு.

பிறகு புரிந்தது.
ஹன்னம் ஓடைமேல் அந்தக் கூரை
மழைக்கு ஒதுங்கியவர்களுக்காகப் போட்டதல்ல.
முத்தமிட இருட்டுத் தேடியவர்களுக்காகவும் அல்ல,
அவர்கள் வந்தார்கள், அது வேறு.
நனைகிற மரம் பதினைந்து வருடம் நிற்கும்,
நனையாத மரம் நூற்றைம்பது.
அவ்வளவுதான் கூரை.

ஆனால் கூரைக்கு அடியில் பனி விழாது.
பனி விழாத பலகையில் சறுக்குவண்டி நகராது,
இரும்புப் பட்டை கிறீச்சிட,
குதிரை நுரை தள்ள,
பாதிப் பாலத்தில் நின்றுபோகும்.
வானத்தைத் தடுக்கக் காசு கொடுத்தவர்களே
அதை மண்வெட்டியில் ஏந்தி உள்ளே கொண்டுவரவும்
காசு கொடுத்தார்கள்.

லவீனாவுக்கு எழுதத் தெரியாது.
ரசீதுகளில் அவள் பெயருக்குப் பக்கத்தில்
ஒரு பெருக்கல் குறி.
அந்த ஜனவரியில் மட்டும் ஒன்பது.

முந்தின ஆண்டு அக்டோபரில்
ஒரு கூரியர் லாரி
'உயரம் ஒன்பது அடி' என்ற பலகையை நம்பாமல்
கைப்பேசி வரைபடத்தை நம்பியது.
மேற்கு முகப்பு பிய்ந்தது.
வடக்குச் சட்டத்தில் ஒரு சாய்கால் முறிந்தது.
நாய் பிஸ்கட் பெட்டிகள் ஓடையோடு போயின.
ஓட்டிவந்த பையன் என் மேசைமுன் நின்று
மூன்று முறை மன்னிப்புக் கேட்டான்,
மூன்றாவது முறை
ஜன்னல் வழியே பாலத்தைப் பார்த்து.

பழுதுபார்க்க வந்த மிரேய் டுஷேன்
டார்ச் பிடித்து மரங்களைப் படித்தாள்.
எந்தக் கால் எந்தக் குழிக்கு என்று
ஓரின் டட்டில் உளியால் வெட்டிய ரோமன் எண்கள்.
ஐந்து, ஆறு, ஏழு,
ஏழு, ஒன்பது.
எட்டு இல்லை.
ஏழுக்கும் எட்டுக்கும் ஒரு கோடுதான் தூரம்,
அந்த ஒரு கோட்டைப் போட மறந்திருக்கிறார் மனிதர்.
முறிந்தது அந்த இரண்டாம் ஏழுதான்.

புதிய மரத்தில் எதை வெட்டுவது?
மார்ச் ஊர்க்கூட்டத்தில்
பள்ளிப் பேருந்துச் செலவு பதினோரு நிமிடத்தில் முடிந்தது.
இதற்கு நாற்பது.
"எட்டாவது இடத்தில் இருப்பது எட்டு," என்றார்
பால்பண்ணை கென்ட்ரிக் ஆம்ஸ்டன்,
"என் மாடுகளுக்கே அது தெரியும்."
"மரத்தை மாற்றியாயிற்று, கூரைத் தகட்டை மாற்றியாயிற்று,
தப்பையாவது விட்டுவையுங்கள்,"
பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.
சிரித்தார்கள்.
பிறகு சிரிக்கவில்லை.
ஏழுக்கு அறுபத்தொன்று, எட்டுக்கு ஐம்பத்தெட்டு.
நான்தான் எண்ணினேன், இரண்டு தடவை.

மிரேய் ஏழு வெட்டினாள்.
பக்கத்தில் ஒரு கோட்டுக்கு
இடம் விட்டுவைத்தாள்.
அதைப் பற்றித் தீர்மானம் எதுவும் இல்லை.

டிசம்பரில் திறப்பு.
பக்கத்து ஊரிலிருந்து இரவல் சறுக்குவண்டி,
பழுப்புக் குதிரை, ரிப்பன், நான்கு வகைக் கேக்.
வெளியே முழங்கால் அளவு பனி.
வண்டி உள்ளே நுழைந்தது,
கிறீச்சிட்டது,
நின்றது.

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்தது.
குதிரை என்னைப் பார்த்ததாகத் தோன்றியது.
கோட்டுப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு
அலுவலக மண்வெட்டியை எடுக்கப் போனேன்.

அன்று மாலை பேரேட்டில் எழுதினேன்:
"பாலத்துக்குள் பனி போட்டதற்கு."
தொகைக் கட்டத்தில்
ஒரு பெருக்கல் குறி.
தணிக்கைக்காரர் ஏப்ரலில் வருகிறார்.